எட்டாம் நம்பர் யாருடைய அளவு?

அடுப்படியில் இருக்கும் குக்கரைத் திருப்பி அடியைப் பாருங்கள். 5 லிட்டர் என்று பொறித்திருக்கும். அந்த வீட்டில் யாராவது அதில் ஐந்து லிட்டர் சாம்பார் வைத்ததுண்டா? விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் பிடிக்கும் கொள்ளளவு அது. பாத்திரத்தைப் பற்றிய தகவல். எத்தனை ஆழாக்கு அரிசி போடலாம், எத்தனை பேர் சாப்பிடலாம் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, பருப்பு என்றால் பாதியோடு நிறுத்த வேண்டும் என்று பெட்டிக்குள் வரும் சின்னப் புத்தகம் சொல்லும். யாரும் அதைப் படிப்பதில்லை. வெயிட் வழியாகப் பருப்புத் தண்ணீர் பீய்ச்சி அடுப்பு மேடையே மஞ்சளான வீடுகளில் படிக்காமலே தெரியும்.

ஷூவின் அடியில் போட்டிருக்கும் எண்ணும் இதே ரகம்தான். ‘எனக்கு எட்டு’ என்று நாம் சொல்லும்போது நம் காலைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஷூ செய்யும்போது கால் வடிவத்தில் ஓர் அச்சை உள்ளே வைத்து, அதன்மேல் தோலை இழுத்துப் பிடித்து, அடியில் ‘சோல்’ ஒட்டுகிறார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் அந்த அச்சுக்கு லாஸ்ட் என்று பெயர். ஒரு காலத்தில் மரத்தில் கடைந்தது, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். எட்டு என்பது அந்த லாஸ்ட்டின் நீளம். ஷூ முடிந்ததும் லாஸ்ட்டை உருவிவிடுகிறார்கள். அது இருந்த வெற்றிடத்துக்குள் நம் காலை விடுகிறோம். நாம் விலை கொடுத்து வாங்குவது அந்த வெற்றிடத்தைத்தான்.

நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு இதை விளக்க ஒரு காரணம் உண்டு. இங்கே ஷூ அலங்காரப் பொருள் இல்லை, உத்தியோகத்தின் ஒரு பாகம். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாகி, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கம் வெட்டும் வேலையைத் தொடங்கிவைத்த நாளிலிருந்து இந்த ஊர் ஷிஃப்ட் மணியில் எழுந்து ஷிஃப்ட் மணியில் தூங்குகிறது. மண்ணை அள்ளும் ராட்சதச் சக்கர எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. அவற்றை ஓட்டியவர்களின் காலில் இருந்த நம்பர் மட்டும் இங்கிலாந்துக்காரன் விட்டுப் போனது.

பார்லியும் பாரிஸும்

அந்த இங்கிலீஷ் நம்பரின் கதை பார்லியில் தொடங்குகிறது. மூன்று காய்ந்த பார்லி மணிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம் என்பது அவர்களுடைய பழங்கணக்கு. நம்மிடம் எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்று இருந்ததே, அது மாதிரி. நம் விரற்கடையைச் சிற்பிகளும் ஸ்தபதிகளும் வைத்துக்கொண்டார்கள். பார்லி மணி செருப்புக் கடையில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் ஏழுக்கும் எட்டுக்கும் இடையே இருக்கும் தூரம் ஒரு பார்லி மணி, அதாவது 8.47 மில்லிமீட்டர்.

சரி, எட்டு மணி நீளமா எட்டாம் நம்பர்? இல்லை. குழந்தைகளுக்கான அளவு நான்கு அங்குலத்தில் பூஜ்யமாகத் தொடங்குகிறது. நான்கு அங்குலம் என்றால் பன்னிரண்டு மணி. அங்கிருந்து 13 வரை ஏறி, பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து பெரியவர்களின் எண்ணிக்கை. ஆக, பெரியவர் எட்டு என்றால் 12, 13, 8 மூன்றையும் கூட்டி 33 மணி. மூன்றால் வகுத்தால் 11 அங்குலம். கிட்டத்தட்ட 28 சென்டிமீட்டர். இப்படி நடுவில் ஒருமுறை முதலிலிருந்து எண்ணுகிற அளவுகோலை வேறெந்தத் தொழிலிலும் சகித்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளிக்கூட ஷூ வாங்கும்போது பையனுக்குப் போன வருஷம் 13, இந்த வருஷம் 1 என்று கடைக்காரர் எடுத்துத் தந்தால் பதற வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

பாரிஸ்காரர்கள் கணக்கில் இந்தக் குழப்பம் இல்லை. ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மில்லிமீட்டர், ஒரு புள்ளி. பூஜ்யத்திலிருந்து நேராக எண்ண வேண்டியதுதான். 42 புள்ளி என்றால் 28 சென்டிமீட்டர். இதுவும் லாஸ்ட்டின் நீளம்தான். ஐரோப்பிய ஷூக்களில் 40, 41, 42 என்று வருவது இந்தக் கணக்கு. எட்டும் நாற்பத்திரண்டும் ஒன்று என்று கடையில் சொல்வது இப்படித்தான் பொருந்துகிறது.

ஆனால் எல்லா எண்களும் அவ்வளவு ஒழுங்காகப் பொருந்துவதில்லை. பார்லிப் படி பெரியது, பாரிஸ் படி சிறியது. நான்கு பார்லிப் படி ஏறுவதற்குள் பாரிஸில் ஐந்து படி ஏறிவிடுவார்கள். போட்டுப் பாருங்கள்: இங்கிலீஷ் ஆறு என்பது பாரிஸில் 39.4. ஏழு, 40.6. எட்டு, 41.9. ஒன்பது, 43.2. பத்து, 44.5. எட்டைப் போல வேறெதுவும் முழு எண்ணுக்கு அவ்வளவு அருகில் வந்து நிற்கவில்லை. அதனால் ஒரு கம்பெனி ஆறை 39 என்று அச்சடிக்கும், இன்னொரு கம்பெனி 40 என்று அச்சடிக்கும். இரண்டு பேரும் ஏமாற்றவில்லை. தசமத்தை ஆளுக்கொரு பக்கம் தள்ளியிருக்கிறார்கள்.

அமெரிக்காவும் பார்லிப் படியையே வைத்துக்கொண்டது. தொடங்கும் இடத்தை மட்டும் கொஞ்சம் நகர்த்திவிட்டது. ஆண்களுக்கு இங்கிலீஷ் எண்ணோடு ஏறக்குறைய ஒன்று கூட்ட வேண்டும், பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு. நெய்வேலியில் பிளாக்குக்குப் பத்து வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். ஊருக்கு வருமுன் தொலைபேசியில் கேட்பார்கள்: “அப்பா, ஷூ வாங்கிட்டு வரேன், என்ன சைஸ்?” “எட்டுப்பா.” அவன் அங்கே எட்டு என்று வாங்கி வந்தால் அது நம்மூர் ஏழு. பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்து, முகம் மலர்ந்து, காலை விட்டுப் பார்த்து, முகம் வாடி, “பரவால்லப்பா, போடப் போடத் தளர்ந்துடும்” என்று சொல்லி, கடைசியில் அது மச்சான் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

ஜப்பான்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஷூவின் மேல் 26 என்று போட்டிருந்தால், 26 சென்டிமீட்டர் பாதம் உள்ளவர் போட்டுக்கொள்ள வேண்டியது என்று பொருள். லாஸ்ட் எவ்வளவு நீளமோ, அது செய்கிறவன் கவலை. பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் எழுதும் மாண்டோபாயின்ட் என்ற சர்வதேச முறையும் இதே வழி. பல நாட்டு ராணுவங்கள் பூட்ஸ் வாங்க இதைத்தான் பயன்படுத்துகின்றன. குக்கரின் மேல் லிட்டருக்குப் பதிலாக ‘மூன்று ஆழாக்கு அரிசிக்கு’ என்று பொறித்த மாதிரி. இதுவே நியாயமான முறை என்பது என் கட்சி. நியாயமான முறைகள் கடைத்தெருவுக்கு வந்துசேர எப்போதும் தாமதமாகும்.

ஆவிக்கு இடம்

குக்கரில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுவது கஞ்சத்தனத்தால் இல்லை, ஆவிக்கு இடம் வேண்டும். ஷூவின் நுனியிலும் அப்படி ஓர் இடம் வேண்டும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் பாதம் அழுந்தி நீள்கிறது, முன்னால் நகர்கிறது. இறக்கத்தில் இன்னும் கூடுதலாக நகரும். அந்த இடம் இல்லாவிட்டால் பெருவிரல் நகம் முன்சுவரில் மோதும். ஆகவே லாஸ்ட் செய்பவர் பாதத்தைவிடச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாகவே செய்கிறார். கூர்மூக்கு ஷூ என்றால் இன்னும் கூட வேண்டும்; ஏனென்றால் அந்தக் கூர்முனைக்குள் எந்த விரலும் போகாது, அது பார்வைக்கு மட்டும்.

இப்போது கணக்கு நமக்கு வசப்படும். பாதம் 26 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை கூட்டினால் லாஸ்ட் 27.5. பாரிஸ் கணக்கில் ஒன்றரையால் பெருக்கினால் 41-க்குச் சற்று மேலே. இங்கிலீஷ் கணக்கில் அங்குலமாக்கி மூன்றால் பெருக்கி 25-ஐக் கழித்தால் ஏழரை. நம்மூர்க் கடையில் ஏழும் எட்டும் இருக்கும். ஏழரை பெரும்பாலும் இருக்காது. “ஏழு டைட்டா இருக்கு தம்பி, எட்டு லூஸா இருக்கு” என்று சொல்பவரைக் கடைப் பையன் அலுப்போடு பார்ப்பான். அவர் சொல்வது கணக்குப்படி முழு உண்மை. ஒரு பார்லி மணியின் நீளத்துக்குள் அவருடைய கால் மாட்டிக்கொண்டிருக்கிறது.

உயரக் குக்கரும் அகலக் குக்கரும்

பாத்திரக் கடையில் இரண்டு 5 லிட்டர் குக்கர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று உயரமாக, ஒடுங்கி நிற்கும். இன்னொன்று குட்டையாக, அகலமாக உட்கார்ந்திருக்கும். இரண்டிலும் அதே எண். வீட்டில் இருக்கும் இட்லித் தட்டு ஒன்றில் இறங்கும், மற்றதில் விளிம்பில் தட்டி நிற்கும். உள்மூடி வைத்த குக்கர் என்றால் வயிறு அகலமாக இருந்தாலும் வாய் ஒடுக்கம். தட்டைச் சாய்த்து உள்ளே விட வேண்டும்.

ஷூவின் எண்ணும் நீளத்தோடு நின்றுவிடுகிறது. அகலம் எவ்வளவு, மேற்பாதத்துக்கு உயரம் எவ்வளவு, குதிகால் கிண்ணம் எவ்வளவு ஒடுக்கம் என்று எதுவும் அதில் கிடையாது. வெளிநாட்டில் அகலத்துக்குத் தனி எழுத்து உண்டு. இங்கிலீஷ் ஷூக்களில் எஃப், ஜி, ஹெச் என்று அகலம் ஏறும். அமெரிக்காவில் ஆண்களுக்கு டி சாதாரணம், 2இ அகலம், 4இ மிக அகலம். நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் என்ற ஊரில் ஷூக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை சார்லஸ் பிரானக் 1920-களில் ஒரு கருவி செய்தார். காலை அதன்மேல் வைத்தால் குதிகாலிலிருந்து விரல்நுனி வரை, குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை, அகலம் என மூன்றையும் காட்டும். அங்கே நூறாண்டாக அதுதான் கடைகளில் இருக்கிறது. நம்மூரில் எண்ணைக் கொண்டுவந்தார்கள். எழுத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள்.

விட்டிருக்கக் கூடாத ஊர் இது. வெறுங்காலோடு வளர்ந்த கால் அகலமாக விரியும். தென்னிந்தியாவில் வாழ்நாள் முழுக்கச் செருப்பில்லாமல் நடந்தவர்கள், செருப்புப் போடும் இந்தியர்கள், மேற்கத்தியர்கள் மூவரின் பாதங்களையும் பெல்ஜிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். வெறுங்கால்காரர்களின் முன்பாதம் அகலம், மேற்கத்தியர்களுடையது ஒடுக்கம் என்று தெரிந்தது. முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கி வளர்ந்த ஒருவரின் காலை லண்டன் லாஸ்ட்டில் நுழைத்தால் என்ன ஆகும்? சுண்டுவிரல் ஓரத்தில் பிடிக்கும். அவர் ஒரு எண் கூட்டிக் கேட்பார். நீளம்தான் கூடும். அகலம் கொஞ்சம் சேர்ந்து வரும், அவ்வளவே. ஓரம் சரியாகும், ஆனால் முன்னால் ஒரு விரற்கடை வெற்றிடம், பின்னால் குதிகால் கழன்று கழன்று விழும். பாதி நாடு இப்படித்தான் நடக்கிறது.

இது என் ஊகம் இல்லை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாட்டின் ஐந்து மண்டலங்களில், 79 இடங்களில், 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்பதும், அதனால் மக்கள் நீளம் கூடிய ஷூவை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. மண்டலத்துக்கு மண்டலம் தனி அளவு வேண்டுமோ என்று யோசித்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள். வடகிழக்கில் சராசரி கொஞ்சம் சிறியது. மற்றபடி ஒரே அளவுமுறை போதும் என்று முடிவானது. பாரதத்தின் முதலெழுத்தை எடுத்து அதற்குப் ‘பா’ என்று பெயர் வைத்தார்கள். கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுப் பிரிவுகள். பார்லி மணிக்குள் மாட்டிக்கொண்ட நம் ஏழரைக்காரர் இதில் தப்பித்துவிடுவார். அரை எண்ணே தேவைப்படாது.

இதில் ஒரு வேடிக்கை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைக்கும் ஷூக்கள் ஐரோப்பாவுக்குப் போகின்றன. அவற்றை அங்குள்ளவர்களின் காலுக்கு ஏற்ற லாஸ்ட்டில்தான் இழுக்கிறார்கள். மிஞ்சியவை ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று நம்மூர்க் கடைக்கு வருகின்றன. நல்ல தோல், நல்ல தையல், பாதி விலை. கால் மட்டும் ஜெர்மன்காரனுடையதாக இருக்க வேண்டும். அத்தகைய கடையில் எண்ணைப் பார்க்காமல் காலை விட்டே பார்த்து வாங்குங்கள்.

இரும்புத் தொப்பி

சாதாரண ஷூவில் இந்தத் தவறுகளை ஓரளவு தோல் பொறுத்துக்கொள்ளும். புதுச் செருப்பு கடிக்கும், பிறகு பழகும் என்று நம்மவர்கள் சொல்வது தோல் செருப்பை வைத்துத்தான். தோல் நெகிழும். ரெக்சின் அவ்வளவு நெகிழாது. சேஃப்டி ஷூவின் முன்பக்கத்தில் இருக்கும் இரும்பு நெகிழவே நெகிழாது.

நிலக்கரிச் சுரங்க விதிகள் பழுப்பு நிலக்கரிக்கும் பொருந்தும். காலணி இல்லாமல் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது, அதை நிர்வாகமே இலவசமாகத் தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பாதுகாப்புக் காலணிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15298. அதில் சொல்லும் சோதனை சுவாரசியமானது. 20 கிலோ எடையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்முனைத் தொப்பியின் மேல் விழவிடுவார்கள். 200 ஜூல் மோதல். தனியே இன்னொரு சோதனையில், சுமார் ஒன்றரை டன் கனத்துக்கு நிகரான 15 கிலோநியூட்டன் அழுத்தம். இரும்பு நசுங்காமல் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. நசுங்கிய பிறகும் உள்ளே விரலுக்கு இடம் மிஞ்ச வேண்டும் என்கிறது. அந்த மிச்சம் எவ்வளவு என்பது ஷூவின் எண்ணைப் பொறுத்தது. 41, 42-க்கு 14 மில்லிமீட்டர். சின்ன எண்ணுக்குக் கொஞ்சம் குறைவு, பெரிய எண்ணுக்குக் கொஞ்சம் அதிகம். பருத்த விரல்களைச் சின்ன எண்ணில் திணித்துக்கொண்டவருக்கு அந்த இடம் கணக்கில்தான் இருக்கும், காலில் இருக்காது.

எண் பெரிதானாலும் வம்புதான். இரும்புத் தொப்பி விரல்களின் மேல் மூடி, பின்விளிம்பு ஓரிடத்தில் முடிகிறது. நடக்கும்போது ஷூ மடிய வேண்டிய இடம் அந்த விளிம்புக்குப் பின்னால், நம் பெருவிரல் மூட்டு இருக்க வேண்டிய இடத்தில். அகலத்துக்காக ஒரு எண் கூட்டி வாங்கியவருக்குக் கால் பின்னுக்கு இருக்கும். ஷூ ஓரிடத்தில் மடியும், கால் வேறிடத்தில் மடியும். ஒவ்வோர் அடிக்கும் தொப்பியின் விளிம்பு விரலின் மேல் அழுந்தும். எட்டு மணி நேர ஷிஃப்டில் எத்தனை அடி நடக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பவர் இல்லை. சாயங்காலம் விரலின் மேல் இருக்கும் கறுத்த கோடு எண்ணிவைத்திருக்கும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். சேற்றில் கால் புதைந்து இழுக்கும்போது லூஸ் ஷூ உள்ளேயே நின்றுவிடப் பார்க்கும். அதைப் பிடித்துக்கொள்ள விரல்கள் தாமாக மடங்கிக் கவ்வும். கெண்டைக்கால் வலிக்கு அயோடெக்ஸ் தேய்ப்பவர்களில் சிலர் ஷூவின் எண்ணை மாற்றிப் பார்க்கலாம்.

அகலக் கால்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சேஃப்டி ஷூ வழங்கும் ஸ்டோரில் ஒரே எண்ணில் வேறு கம்பெனி அல்லது வேறு மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு கம்பெனியின் லாஸ்ட்டும் வேறு. முகப்பு உருண்டையாக, அகலமாக இருக்கும் மாடல் ஒடுங்கிய மாடலைவிட நீளம் கூட்டாமலே உதவும். வேலையில் சேர்ந்த நாளில் சொன்ன எண்ணையே ஓய்வு பெறும் வரை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எல்லாத் தொழிற்சாலையிலும் உண்டு. இருபத்திரண்டு வயதுக் காலும் ஐம்பத்தைந்து வயதுக் காலும் ஒன்றல்ல. உள்வளைவு தாழ்ந்து பாதம் நீளும், பரவும். பிரசவத்துக்குப் பிறகு பல பெண்களுக்குச் செருப்பு எண் ஒன்று ஏறுவதும் இதனால்தான்.

சுவரும் பென்சிலும்

அளக்க ஸ்கேனர் வேண்டாம். சாயங்காலம் ஆகட்டும். வைகாசி வெயிலில் நாள் முழுக்க நின்ற கால் காலையில் இருந்ததைவிட வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும். போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். சுவரோரம் ஒரு காகிதத்தை வைத்து, குதிகால் சுவரில் படும்படி நேராக நில்லுங்கள். உட்கார்ந்தபடி அளந்தால் குறைவாகக் காட்டும். உடல் எடை இறங்கினால்தான் பாதம் முழு நீளத்துக்கு விரியும். வேறு யாராவது குனிந்து பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு போடட்டும். நீங்களே குனிந்தால் எடை மாறிவிடும். நீளமான விரல் எதுவோ அதுதான் கணக்கு. பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். இரு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் மூட்டுகளின் இடையே அகலத்தையும் குறித்துவையுங்கள். வெளிநாட்டுப் பிள்ளை அடுத்த முறை கேட்டால் இந்த மில்லிமீட்டரைச் சொல்லுங்கள். மாற்றுவது அவன் பாடு.

கடையில் இன்னொரு வேலை உண்டு. ஓட்ட ஷூக்களிலும் பல சேஃப்டி ஷூக்களிலும் உள்ளே இருக்கும் மெத்தை அட்டையை உருவலாம். அதைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். இரண்டு கேள்விக்கும் ஒரே பார்வையில் பதில் கிடைக்கும். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா? ஓரத்தில் சதை அட்டையை விட்டு வெளியே வழிகிறதா? வழிந்தால் அந்த மாடல் உங்களுக்கு ஒடுக்கம், எண்ணைக் கூட்டிப் பயனில்லை, வேறு மாடல் பாருங்கள். மெயின் பஜாரில் கடை நடுவே அட்டையை உருவிப் போட்டு ஏறி நிற்பது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். “சார், அது கழட்டுறது இல்ல சார்” என்பார்கள். சிரித்துக்கொண்டே உருவலாம்.

பிறகு நடந்து பார்க்க வேண்டும். கடைக் கம்பளத்தில் நாலடி நடந்தால் எதுவும் தெரியாது. வாசல் படியில் இறங்கிப் பாருங்கள். குதிகால் கொஞ்சம் தூக்கினால் லேஸை மேல் துளை வரை இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். லேஸை அவிழ்க்காமல் ஷூவுக்குள் காலைச் செருகுகிற வழக்கத்தில் நாம் வல்லவர்கள். அதற்கு ஷூ எப்போதும் ஒரு எண் லூஸாக இருந்தாக வேண்டும்.

சோறு வேறு, கால் வேறு

குக்கரை இவ்வளவு தூரம் இழுத்து வந்தாயிற்று, அது எங்கே கைவிடும் என்றும் சொல்லிவிட வேண்டும். சோறு எந்தப் பாத்திரத்தில் வெந்தாலும் அந்தப் பாத்திரத்தின் வடிவத்துக்கு வந்துவிடும், புகார் சொல்லாது. கால் உடனே புகார் சொல்லும்: கொப்புளம், கால் ஆணி, சதைக்குள் வளரும் நகம். நாம் கேட்காமல் விட்டால் வருஷக் கணக்கில் மெல்ல மெல்லப் பாத்திரத்தின் வடிவத்துக்கு வரத் தொடங்கும். பெருவிரல் உள்பக்கம் சாய்ந்து மூட்டு வெளியே புடைக்கும். அப்படித் திரும்பிய எலும்பை ஷூ மாற்றித் திருப்ப முடியாது.

புகாரே சொல்லாத கால்களும் உண்டு. நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு மங்கும். இறுக்கமான ஷூ அவர்களுக்கு இறுக்கமாகத் தெரியாது. சரியான அளவு லூஸாகத் தெரியும். கடைக்குப் போனால் தாமாகவே சின்ன எண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் உணர்வற்ற கால்களுக்காகச் செய்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் எம்.சி.ஆர். எனும் மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு நம்மூரில் பரவியது; இப்போது அது அதிகம் சர்க்கரைக்காரர்களின் செருப்பு. அவர்களுக்கு ‘போட்டுப் பார்த்து வாங்குங்க’ என்ற அறிவுரை பலிக்காது. காகிதத்தில் கோடு போட்டு, அதை வெட்டி எடுத்து, ஷூவுக்குள் விட்டுப் பார்ப்பதே வழி. காகிதம் மடங்கினால் அந்த ஷூ வேண்டாம். வாங்கிய பிறகும் முதல் சில நாட்கள் கொஞ்ச நேரம் போட்டுக் கழற்றி, தோல் சிவந்திருக்கிறதா என்று வேறொருவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் நெய்வேலி உட்பட எல்லா ஊரிலும் ஒரே தந்திரம்தான்: ஜூனில் பள்ளி திறக்கும்போது இரண்டு எண் பெரிதாக வாங்கி, முன்னால் பஞ்சைத் திணித்து, அடுத்த ஜூன் வரை ஓட்டுவது. குடும்பக் கணக்குக்கு நல்லது, காலுக்கு ஆகாது. பஞ்சு நீளத்தைத்தான் அடைக்கிறது. மடியும் இடம் இன்னும் முன்னாலேயே இருக்கிறது. பெண் குழந்தைகளின் பாதம் பதினொரு வயதளவில் உச்ச வளர்ச்சியை எட்டுகிறது, ஆண் பிள்ளைகளுக்குப் பதினைந்து, பதினாறு ஆகிறது என்று அடையாறு ஆய்வு சொல்கிறது. ஆக, ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்ணுக்கு இரண்டு எண் கூட்டி வாங்குவதில் சேமிப்பும் பெரிதாக இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு விரற்கடை இடம் விட்டு வாங்கி, காலாண்டு விடுமுறையிலும் அரையாண்டு விடுமுறையிலும் ஒருமுறை அட்டையை உருவி அதன்மேல் நிற்கவைத்துப் பார்த்தால் போதும். மைக் கறையும் சேறுமாக இருக்கும் அந்த அட்டையில் ஐந்து விரலின் தடமும் அழுந்தி இருக்கும். பெருவிரல் தடம் அட்டையின் விளிம்பைத் தொட்டுவிட்டதென்றால் அரையாண்டுத் தேர்வு வரை காத்திருக்காதீர்கள்.